கெலமங்கலம் பஸ்ஸின் பத்து நிமிடம்

எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. கெலமங்கலத்திலிருந்து வரும் முதல் பஸ் கேட்டுக்கு வருவதோ ஆறு ஐந்துக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே யாரோ ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. கேட்டில் கார்டு தேய்க்கும் இடத்துக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் புதுப் பதிப்பை ஏற்றினேன். முடித்துப் பார்த்தால் திரையில் நேரம் துல்லியமாக இருந்தது. அதுவரை அது பத்து நிமிடம் பின்தங்கியே ஓடும். எனக்கு முன்பிருந்தவரின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். தானாகச் சரியாகிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கள் காலை பஸ்ஸில் வந்தவர்களின் கார்டெல்லாம் லேட். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் என்னைத் திட்டினார்கள். மூன்றும் எனக்குப் புரியும் என்பதுதான் கொடுமை. தற்காலிக வேலையிலிருந்த ஓர் அக்கா மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பஸ்ஸைத் தவறவிட்டதில் அந்த மாதம் அவருக்கு ஏற்கெனவே இரண்டு லேட். மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும்.

புதிதாக வந்திருந்த அதிகாரி அவருடைய கார்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டுக் கம்ப்யூட்டரைத் துழாவினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்லும் தொடக்கக் கோப்பில் புதுப் பதிப்பு தன்னுடையதைப் போட்டுவிட்டுப் பழையதை வேறு பெயரில் ஓரங்கட்டியிருந்தது. அந்தப் பழைய கோப்பில், இயந்திரக் கடிகாரத்தைப் படித்ததும் பத்து நிமிடம் கழிக்கச் சொல்லும் ஒரே ஒரு வரி. அதன் மேலே குறிப்பாக இரண்டே சொல்: கெலமங்கலம் பஸ். இரண்டு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டது நான்தான்.

அதிகாரி தன் கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒத்துப்போகுதே. கரெக்டாத்தான ஓடுது?"

ஆமாம் என்றால் பொய்யில்லை. என் வேலை நிரந்தரமாகவேண்டிய மாதமும் அதுதான். அக்கா மேசைமேலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரெக்டா ஓடறதுதான் சார் தப்பு. கம்பெனி டைம் பத்து நிமிஷம் பின்னாடி. நான்தான் அழிச்சிட்டேன்."

அவர் நம்பவில்லை. அந்த வரியைக் காட்டினேன். என் தவறு என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கார்டை அக்கா பக்கம் தள்ளிவிட்டார்.

அக்கா நன்றி சொல்வார் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன்.

"நல்லா ஓடிட்டிருந்தத எதுக்கு சார் தொட்டீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினார்.