கோர்வையில் குத்திய ஊக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, காஞ்சிபுரத்தில் உள்ள ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில் நடந்தது இது. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் குடியிருக்கிறேன். கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுவது என் தொழில். முதல் நாளே புடவையை வாங்கி, மடிப்பு வைத்து அயர்ன் செய்துவிடுவேன். மறுநாள் மண்டபத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். பதினோரு வருடங்களில் நான் கட்டிய புடவை நழுவியது என்று ஒருத்தியும் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அருங்காட்சியகத்தில் ஒரு நிகழ்ச்சி, ஆடுகிற ஆர்ட்டிஸ்டுக்குப் புடவை கட்ட வேண்டும், உயரம் ஐந்தடி பத்தங்குலம் என்று ஒரு பெண் அனுப்பியிருந்தாள். நல்ல உயரமான பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். வெள்ளிக்கிழமை புடவை வந்தது. அரக்கு நிற உடல், பச்சைக் கரை, கரை முழுக்க ருத்ராட்சம். முப்பது வருடமாவது இருக்கும். பழைய பட்டில் கரையும் உடலும் சேருகிற இடம்தான் முதலில் நைந்துபோகும். கோர்வை என்று சொல்வோம். அந்த இடத்தில் ஊக்கு குத்தக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பெண்களுக்குக்கூடத் தெரியும். குத்தித்தான் ஆக வேண்டுமென்றால், உள்பக்கம் பருத்தித் துணி ஒன்றை வைத்துக் கோர்வையைத் தள்ளிக் குத்த வேண்டும். அதற்கென்று ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு காலத்தில் பட்டு வியாபாரி ஒருவரின் பெரிய வீடாக இருந்ததைத்தான் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் ஓவியங்கள். நடு முற்றத்தில் மேடையும் ஆளுயர ஸ்பீக்கர்களும். காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண், தவில் சத்தத்தை எடுத்து அதன்மேல் என்னென்னவோ ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிஜே என்றார்கள். அவள் சத்தத்தைக் கூட்டியபோது ஓவியங்களின் கண்ணாடி அதிர்ந்தது. காவலாளி ஓடிவந்து ஒரு படத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளறைக் கதவைத் தள்ளினேன். ஜாக்கெட்டும் உள்பாவாடையும் போட்டு, முகத்துக்கு முழு மேக்கப்போடு ஓர் ஆண் பிள்ளை உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை அழைத்த பெண்தான் விளக்கினாள். "டிராக் ஷோக்கா. ஆம்பளைங்க பொம்பள வேஷம் போட்டு மேடையேறுறது. இவரு சென்னைல ஐடி கம்பெனில வேலை பாக்குறாரு. நம்ம ஊருதான்."

எனக்கு உடம்பு கூசியது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ஒப்புக்கொண்ட வேலையை விட்டுவிட்டுப் போனால் பெயர் கெடும் என்ற ஒரே காரணத்துக்காக நின்றேன்.

அவர் எழுந்து நின்று, "வாங்கக்கா" என்றார். புடவையை எடுத்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார். "எங்கம்மா முகூர்த்தப் புடவைக்கா இது. அவங்களே பீரோலேருந்து எடுத்துக் குடுத்தாங்க. நாலு வருசமா ஆடிக்கினு இருக்கேன், இன்னிக்குத்தான் மொத தடவ பாக்க வராங்க. புடிக்கலன்னா பாதில எழுந்து போயிடுவேன்னு சொல்லியிருக்காங்க."

நான் "உம்" என்றதோடு சரி. கொசுவத்தை நீட்டி, "நீங்களே சொருவிக்குங்க" என்றேன். இத்தனை வருடத்தில் எந்தப் பெண்ணிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. முந்தானையைத் தோளில் போட்டு, கிட்டே போகாமல் எட்டி நின்றபடியே ஒரு பெரிய ஊக்கைக் குத்தினேன். அது கோர்வையில்தான் இறங்கியது. இறங்கியது எனக்குத் தெரியும். எடுத்து மாற்றிக் குத்த வேண்டுமானால் அவர் தோளைப் பிடித்து, துணிக்குள் கையை விட்டு, பருத்தித் துண்டை வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

"ஒரு ஊக்கு போதுமாக்கா? நான் சுத்திச் சுத்தி ஆடுவேன்."

"போதும் போதும். நான் கட்டினா நழுவாது" என்றேன்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஏனாத்தூர்க் கல்லூரியிலிருந்து வந்த மாணவர்கள் கூட்டம், சில வெளிநாட்டுக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பேர். கடைசி வரிசையில், நாற்காலி நுனியில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்கும் நெற்றியும் அப்படியே மகனுடையவை. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

மகன் நன்றாக ஆடினார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாலி கட்டிக்கொள்ள மணவறைக்கு வரும் பெண்ணாக, குனிந்த தலை நிமிராமல், முதலில் மெதுவாக நடந்தார். பிறகு அந்த டிஜே பெண் தாளத்தை ஏற்ற ஏற்ற, மணப்பெண் தலையை நிமிர்த்தி எல்லோர் முகத்தையும் பார்க்கத் தொடங்கினாள். மாணவர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அவர் கண் மட்டும் அடிக்கடி கடைசி வரிசைக்குப் போய் வந்தது. அந்த அம்மாள் அசையவே இல்லை.

வேகம் உச்சத்துக்குப் போனபோது அவர் சுழன்றார். இரண்டாவது சுற்றில் முந்தானை தோளிலிருந்து தொங்கியது. இசைச் சத்தத்தில் கிழிந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் நான் பார்த்தேன். கோர்வையோடு ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. அவர் முந்தானையைக் கையில் பிடித்து, அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்பதுபோல் முகத்தை மூடிக்கொண்டு முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பின்வரிசையில் அந்த அம்மாள் எழுந்தார். அவ்வளவுதான், போகப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வாசல் பக்கம் போகவில்லை. நேராக உள்ளறைக்கு வந்தார். நான் அதற்கு முன்பே அங்கே போய், அவசர அவசரமாகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மகன் எழுந்து நின்றார். "மன்னிச்சிடும்மா. உன் புடவைய கிழிச்சிட்டேன். நான்தான் ரொம்ப வேகமா சுத்திட்டேன்."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் தலையிலேயே போகட்டும் என்று பேசாமல் நின்றேன். இதை எழுதும்போது இந்த இடத்தில்தான் கை நின்று நின்று போகிறது.

அந்த அம்மாள் கிட்டே வந்தார். முந்தானையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அவர் தறியில் உட்கார்ந்தவர் என்பது அந்த விரல் போன விதத்திலேயே புரிந்தது.

"இது ஆடிக் கிழிஞ்சது இல்ல. ஊக்கு எடத்துலேருந்து பிரிஞ்சிருக்குது. கோர்வைல யாரும்மா குத்தினது?"

வெளிச்சம் பற்றவில்லை, கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொய் வரவில்லை.

"நான்தாம்மா. தெரிஞ்சேதான் குத்தினேன். துணி வெச்சுக் குத்தணும்னா அவரைத் தொடணும். தொட அருவருப்பா இருந்துச்சு."

சொல்லி முடித்ததும் எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இவன் வீட்டுக்கு வந்தா, தண்ணி சொம்ப டேபிள் மேல வெச்சிட்டு உள்ள போயிடுவேன். கையில குடுத்தது இல்ல. நாலு வருசமாகுது. பெத்தவளே அப்படி இருந்துக்கினு, உன்ன நான் என்னம்மா கேக்கறது?"

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கதவைத் தட்டி, அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாள் என்னை அழைத்த அந்தப் பெண். வேறு உடை மாற்றிக்கொள்கிறேன் என்றார் அவர். அந்த அம்மாள் எழுந்தார். "எதுக்கு? இதையே கட்டு" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீ தோள்பட்டைய பாரும்மா. கொசுவத்த நான் சொருவுறேன்" என்றார்.

நான் மகனின் தோளைப் பிடித்தேன். கிழிசலை மடிப்புக்குள் மறைத்து, பருத்தித் துண்டை வைத்து நாலு தையல் போட்டேன். வியர்வையில் நனைந்த சாதாரணத் தோள். இதைத் தொடவா அப்படிப் பயந்தேன் என்றிருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தாமலில் நடக்கும் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டி வருகிறவரின் காலை நானே தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அவரும் ஆம்பளைதான். அங்கே மட்டும் என் கை கூசியதே இல்லை.

அம்மாவின் கை மகனின் இடுப்புக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. பிறகு கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து உள்ளே சொருகியது. சொருகிய கையை அவர் உடனே எடுக்கவில்லை. மேக்கப் கலைந்துவிடாமல் இருக்க, மகன் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது ஆட்டம் முழுவதும் அந்த அம்மாள் முன்வரிசையில் இருந்தார். கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து போகாமல் இருந்தார்.

கிளம்பும்போது நான் மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். கண் மையைத் துடைத்தபடியே, "பரவால்லக்கா, பழகிடுச்சு" என்றார்.

அந்தச் சொல்தான் இன்றுவரை என்னை விடவில்லை. ஒரு மனுஷனுக்கு அது பழகிப்போக எத்தனை பேருடைய கைகள் அவரைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம், அவற்றில் என் கையும் ஒன்று என்பது நினைவுக்கு வந்து கூசிப்போகிறேன்.