கோடு விழாத முட்டைகள்

குஞ்சு பொரிப்பகத்தில் அவளை உடைப்புக்காரி என்பார்கள். பொரியாத முட்டைகளை உடைத்து, கரு எந்தக் கட்டத்தில் செத்தது என்று சொல்வது அவள் வேலை. அழுகிய முட்டை சில சமயம் கையிலேயே வெடிக்கும். கல்யாணமான புதிதில் அந்த வாடைக்காகப் புருஷன் அடித்தான். பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டான்.

அவன் அங்கேயே முட்டை வேன் ஓட்டினான். அவள் தம்பி முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டான்.

ஒருமுறை ஒரு மெஷின் முழுக்கப் பொரியவில்லை. அவள் உள்ளே வந்தபோது புருஷன் அவள் தம்பியைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

"சூட்டை ஏத்திட்டுத் தூங்கினியாடா மச்சான்?"

"சூடு சரியாத்தான் இருந்துச்சு மாமா. விடுங்க." தம்பியின் உதடு கிழிந்திருந்தது.

"கையை எடுப்பா," என்றார் மேனேஜர். "நீ பாத்துச் சொல்லும்மா. மெஷின் தப்புன்னா உன் தம்பிக்கு வேலை இல்ல."

முட்டையை விளக்கில் பிடித்தாள். ஒரு முனையில் நிற்க வேண்டிய காற்று, குமிழ்களாகச் சிதறி அலைந்தது. தட்டில் உடைத்தாள். மஞ்சள் கருவின் மேல் வெள்ளை வட்டம். உயிர் பிடித்தால் மெஷினில் வைத்த முதல் நாளே அதில் ஒரு கோடு விழும். செல்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் இறங்கும். மேலே நிற்பது தோலும் நரம்பும் ஆகும். அடிக்குப் போவது குடல். நடுவில் மாட்டிக்கொள்வதுதான் சதை, ரத்தம். இதில் கோடே இல்லை. அடுத்ததிலும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் இந்த முட்டைகள் வந்த வேனில் அவளும் இருந்தாள். புருஷன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அவள் தலையைக் கதவில் இடித்தான். வேன் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தது.

"சூடுன்னு சொல்லு," என்றான் புருஷன் இப்போது, அவள் காதருகில். "வீட்டுக்குத்தானே வரணும்."

"சூடு இல்ல சார். மெஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியே குலுங்கிச் செத்திருக்கு. நானும் அந்த வண்டியிலதான் வந்தேன்."

புருஷன் ஓங்கிய முட்டை ட்ரேயின் விளிம்பு அவள் புருவத்தில் இறங்கியது. தம்பி பாய்ந்தான். இருவரும் முட்டை ஓடுகளின் மேல் உருண்டார்கள். தம்பியின் முழங்கால் அவன் கழுத்தில் ஏறியது. மேனேஜர்தான் பிரித்துவிட்டார்.

"வண்டிச் சாவியை வெச்சுட்டுக் கெளம்பு."

வாசலில் புருஷன் திரும்பினான். "வீட்டுக்கு வாடி, இருக்கு உனக்கு."

"வரமாட்டேன்."

மேனேஜர் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"இதுல ரத்தம் வந்திருக்கேம்மா."

"அது என்னுது சார்," என்று அடுத்த முட்டையை எடுத்தாள்.