நலம் என்று எழுதிய கடிதம்

எனக்குப் போனில் பேசக் கூச்சம். படித்தது ஐந்தாம் வகுப்புத்தான் என்றாலும், மகனிடம் சொல்வதை எழுதித்தான் அனுப்புவேன்.

அவன் லண்டனில் போட்ட அகதி வழக்கு வென்றது. யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று நீதிபதி ஒத்துக்கொண்டார். அன்று, நான் வந்து குடியிருக்கும் சென்னையில், மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். கோபுரம் தண்ணீருக்குள் தலைகீழாக மெல்ல ஆடியது. அதற்குள்ளிருந்து அவன் ஈரத்தலையோடு ஏறி வருவான் போலிருந்தது.

ஒரு மாதத்தில் அவனே கூப்பிட்டான்.

"அம்மா, அரசாங்கம் மேல்முறையீடு போட்டிட்டுது. உங்கட கடிதத்தைத்தான் காட்டுகினம்."

"எந்தக் கடிதம்?"

"நீங்கள் யாழ்ப்பாணம் போய் நிக்கேக்க எழுதினது. என்ர லண்டன் முகவரிக்கு அத்தாட்சியாக் குடுத்தனான். 'இங்கு அனைவரும் நலம், ஒரு குறையும் இல்லை' எண்டு கிடக்கு. அப்ப அங்க என்ன பயம் எண்டு கேக்கினம்."

கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்கும்? யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் நான் தங்கியிருந்தபோது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். கதவை உதைத்தார்கள். அவன் படத்தைக் காட்டி எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். பிள்ளை பயப்படுவானே என்று அதைப் பற்றி ஒரு வரிகூடப் போடவில்லை.

நடந்ததை என் கையாலேயே எழுதி அனுப்பும்படி வக்கீல் சொன்னாராம். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கீழே இஸ்திரி போடுகிற பெண்தான் தாள் வாங்கி வந்தாள். நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கோர்ட்டுக்கு எழுதிக்கினு 'நலம், நலமறிய ஆவல்'னு போட்டுகீற? ஜட்ஜு இன்னா உன் சம்பந்தியா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தாளில், 'அன்று இரண்டு பேர் வந்தார்கள்' என்று தொடங்கினேன். பறக்கும் ரயில் கடந்து போனது. அந்த இரைச்சலில் மோட்டார் சைக்கிள் கேட்டது. நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே சற்று நேரம் தெரியவில்லை.

மழைக்காலம் முடியும்போது, அரசாங்கத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று மகன் சொன்னான். நான் எழுதியதை அவனும் படித்திருந்தான்.

"அம்மா, உங்களை அடிச்சவங்களோ?"

"இல்லை ராசா."

"இதை நம்பலாமோ?"

அடிக்கவில்லை, அது உண்மை. அவன் நம்பினானா தெரியாது. மறுநாள் அவனுக்கு எழுத உட்கார்ந்தவள், முதல் வரிக்கான இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதத் தொடங்கினேன்.