முதுகுகளின் தெரு

இங்கே கிளேட்டனில் பழைய சாமான் கடையொன்றில் இன்று லேஸ் மேசைவிரிப்பு ஒன்றைக் கண்டதும், அம்மா வீட்டுவேலை செய்த, நான் பள்ளிக்கூடம் போன சைப்ரஸ் மலையூர் நினைவுக்கு வந்தது. அங்கே பெண்கள், வெளிச்சம் தோளுக்கு மேலால் துணியில் விழவென்று, தெருவுக்கு முதுகு காட்டிக் கதிரை போட்டுத் தைப்பார்கள். போகிறபோக்கில் ஒவ்வொரு முதுகுக்கும் நான் "அன்ரி" என்பேன். ஊசி நிற்காது, தலை திரும்பாது, பதிலுக்கு என் பெயர் மட்டும் வரும்.

போன வருடம் அங்கே போனேன். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கதிரைகள் தெருவைப் பார்த்திருந்தன. இங்கே மல்கிரேவில் வீட்டிலிருந்த அம்மா போனில், "தெரிஞ்ச ஆக்கள் ஆரையும் கண்டனியே?" என்று கேட்டார்.

"ஒரு முகமும் தெரியேல்லை, அம்மா."

அப்போது தைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நூல் எடுக்க எழுந்து உள்ளே போகத் திரும்பினார். அந்த முதுகு தெரிந்தது. "அன்ரி" என்றேன்.

திரும்பாமலே என் பெயரைச் சொன்னார்.