மைசூரில் இருந்த இரண்டாவது சர்வர்

டொமைன் பேர்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பாற்றுகிற தொழிலில், வாடிக்கையாளர் மாடியேறி வந்தால் பாராட்டத்தான் வருகிறார் என்று நினைக்கிற அளவுக்கு நாம் யாரும் ஏமாளி இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சரவணம்பட்டியில் நேம் சர்வர் நடத்தினேன். ஒரு கம்பெனியின் பேரைச் சொன்னால், அதன் மெயில் எங்கே போகவேண்டும் என்று வழி சொல்கிற கம்ப்யூட்டர் அது. அது படுத்துவிட்டால் மெயில் வழி தெரியாமல் திரும்பிவிடும். அதனால் இரண்டு வேண்டும் என்பது விதி.

ஒரே மேஜை

நானும் இரண்டு வைத்தேன். ஒரே மேஜையில், ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே டெலிபோன் லைனில். விதிக்கு விதியும் ஆச்சு, செலவும் மிச்சம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் போனது. இரண்டும் சேர்ந்து படுத்தன. வெள்ளகோவிலில் போர்வை ஏற்றுமதி செய்யும் பழனிசாமிக்கு வரவேண்டிய ஆர்டர் மெயில் திரும்பிப்போய், ஆர்டரே கை நழுவியது. நூலெல்லாம் வாங்கி வைத்திருந்தார் பாவம்.

மனுசன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இன்னொருக்கா இப்படி ஆனால் வேற ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மேஜையைப் பார்த்தார்.

"ஏனுங்க, கெணத்துல தண்ணி இல்லீன்னா ரெண்டு மோட்டார் வெச்சு என்னங்க பண்றது?"

டாலர்

இரண்டாவதை வேறு ஊரில் வைக்க அலைந்தேன். அமெரிக்காவில் இடம் இருந்தது. ஒரு பேருக்கு அவர்கள் மாதா மாதம் கேட்டது, நான் பழனிசாமியிடம் வருசத்துக்கு வாங்கியதைவிட அதிகம். அதையும் டாலரில் கட்டவேண்டும். பேங்கில் போய் அரைமணி நேரம் விளக்கினேன். ஆபீசர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"உங்க கம்ப்யூட்டர் சொல்றதையே இன்னொண்ணும் சொல்லும், அதுக்கு டாலருங்களா?"

பார்க்காத ஆள்

இதே தொழில் செய்கிறவர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு மெயில் குழுவில் கஷ்டத்தைக் கொட்டினேன். மைசூரிலிருந்து மஞ்சுநாத் என்பவர் பதில் போட்டார். அவருக்கும் இதே பாடு. என் பேர்களை அவர் சர்வரில் வைத்துக்கொள்வார், அவர் பேர்களை நான் வைத்துக்கொள்ளவேண்டும், காசு கிடையாது. நாலு நாள் பதில் எழுதாமல் தவித்தேன். முகம் தெரியாத ஆள். அவர் சர்வர் தப்பு வழி சொன்னால் பழனிசாமி பிழைப்பு போச்சு. என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவிடம் புலம்பினேன்.

"நாம அவரை நம்பலாமான்னு ரோசனை பண்றோம் சார், நம்ம மேஜையைப் பார்த்திருந்தா அவரு நம்மள நம்பியிருப்பாருங்களா?"

மூன்று நாள்

அன்றைக்கே மஞ்சுநாத்துக்குச் சரி என்று எழுதினேன். இனி மைசூரிலும் ஒரு சர்வர் இருக்கிறது என்று பழனிசாமிக்கும் சொல்லிவைத்தேன். ஆறு மாதம் கழித்து, ரோட்டைத் தோண்டினவர்கள் எங்கள் லைனையும் சேர்த்து வெட்டிப்போட்டார்கள். மூன்று நாள் என் சர்வர் செத்துக் கிடந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஓடி மஞ்சுநாத்தைக் கேட்டேன். எல்லாம் ஓடுகிறது என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் பழனிசாமி மாடியேறி வந்தார். கணக்கை முடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். பையிலிருந்து அவர் எடுத்தது பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை. மெயில் வருதுங்களா என்று கேட்டேன். காலையில்கூட ஒரு ஆர்டர் வந்தது என்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. லைன் வெட்டுப்பட்ட கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அதான் ஒரு குறையுமில்லாம வருதுங்களே, அப்புறம் எதுக்குங்க அந்த மைசூர் சர்வரு, எடுத்துப்போடலாமுங்களே?"

எடுக்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியைவிடப் பெரிய பாராட்டு இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்ததுமில்லை, உங்களுக்குக் கிடைக்கப் போவதுமில்லை.