நங்கூரம் போட்ட கார்

கல்யாணம் என்றால் எங்கள் குப்பத்தில் சண்டை போட ஆயிரம் காரணம் கிடைக்கும். சாப்பாட்டில் உப்பு, சீர்வரிசையில் குறை, பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது என்று எதுவும் ஆகும். என் தம்பி கல்யாணத்தில் வந்த சண்டை டயரில் புகை வரவழைப்பது பற்றி.

முதலில், கார் என்னுடையது. மஞ்சள் போர்டு போட்ட சின்னக் கார். விடியலில் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் மீஞ்சூர் ஸ்டேஷனில் இறக்குவேன். சாயங்காலம் அவர்களையே திரும்பக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பேன். எங்கள் குப்பத்தில் கார் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு காரணம் இல்லை. ஊரையே ஏற்றி இறக்குகிறவள், இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை மாப்பிள்ளை ஊர்வலத்தில் நானேதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அம்மன் கோயில் பந்தல் வரைக்கும்தான். ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நடந்தே போய்விடலாம். இருந்தாலும் ஆசை ஆசைதான்.

குறுக்கே வந்து நின்றவர் என் தாய்மாமன். அம்மாவின் தம்பி, சொந்தப் படகு வைத்திருப்பவர். அவருக்குப் பிள்ளை இல்லை. என் தம்பி கல்யாணத்துக்கு அவர் எடுத்த பட்டு வேட்டியைப் பார்த்தால் தாலி கட்டப் போவதே அவர்தான் என்று நினைப்பீர்கள்.

“தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் கீறேன். மாப்பிள்ளைய பொம்பள ஓட்டினு போனா பொண்ணு வூட்டுக்காரன் இன்னா நெனப்பான்?” என்றார்.

“வண்டி நல்லா ஓடுதுனு நெனப்பான்,” என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் சிநேகிதர்கள் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சக்கரம் மட்டும் வெறி பிடித்துச் சுழல்கிறது. டயர் தேய்ந்து வெள்ளைப் புகை கிளம்பிக் காரையே மூடிவிடுகிறது. அந்தப் புகைக்குள்ளிருந்து மாப்பிள்ளை இறங்கி வர வேண்டுமாம்.

“டயர் இன்னா உங்க மாமியார் வூட்டு சீதனமா? அது என் சோறுடா,” என்று விரட்டினேன்.

மாமா விடுவாரா? “இவளுக்கு பயம். பொகை வர வெக்கிற ஆளுதான் மாப்பிள்ளைய ஓட்டணும். இன்னாடா சொல்றீங்க?” என்றார். பையன்கள் விசிலடித்தார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். “அக்கா, ஒரே ஒரு தபா,” என்றான். சின்ன வயதில் குச்சி ஐஸுக்கு வைத்துக்கொள்ளும் அதே முகம். சாவியைக் கொடுத்துத் தொலைத்தேன். ஊர்வலமும் சாவியோடு சேர்ந்து போகிறது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

சக்கரம் சுழல வேண்டும், கார் நகரக் கூடாது. அதற்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றான் ஒருவன். என் காரில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வழக்கம்.

மாமா சிரித்தார். “இஞ்சின் ஓடணும், வண்டி நவுரக் கூடாது. அவ்ளோதான? நங்கூரம் போடுங்கடா.”

அது ஒருவருக்கும் வேடிக்கையாகப் படவில்லை என்பதுதான் வேடிக்கை. எதையாவது ஓரிடத்தில் நிறுத்திவைக்க எங்கள் ஊருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ரோட்டோரம் கரையேற்றி வைத்திருந்த மாமாவின் ஃபைபர் படகு, வலையும் ஐஸ் பெட்டியுமாகக் கனத்துக் கிடந்தது. நங்கூரக் கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டினார்கள், மறுமுனையைக் காரின் பின்பக்கக் கொக்கியில் கட்டினார்கள். முடிச்சு பிரமாதம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மாமா மீன் கம்பெனி வேனில் ஓட்டிப் பழகியவர். கிளட்ச் மேல் கால் வைத்தால் எடுக்க மாட்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கயிறு விறைத்தது. டயர் ஒரு தரம் கீச்சென்றது. அப்புறம் படகு மணலை அறுத்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. படகுக்குள் தூங்கிக்கொண்டிருந்த நாய், யாரோ தொழிலுக்குப் போகிறார்கள் என்று பதறிக் கீழே குதித்தது. மாமா இன்னும் மிதித்தார். புகை வந்தது.

ஊரே கைதட்டியது. அது டயர்ப் புகை இல்லை, பானெட்டுக்கு அடியிலிருந்து வருகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கிளட்ச் கருகும் வாடை ஒரு தரம் மூக்கில் ஏறினால் மறக்காது. “மாமா, கால எடு! கால எடு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து அவர் ஜன்னல் வழியே கட்டைவிரலைக் காட்டினார்.

புகை அடங்கிக் கயிற்றை அவிழ்த்த பிறகு மாமா கியர் போட்டார். இஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை.

“இன்னாமே, மிதிக்கிறேன், நவுரலயே?”

“நிக்கணும்னுதான மாமா கட்டினே. நின்னுடுச்சி.”

மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பந்தலில் பெண் வீட்டார் மாலையோடு காத்திருந்தார்கள். பூ அலங்காரத்தோடு கார் செத்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மாமா படகின் விளிம்பில் உட்கார்ந்து பட்டு வேட்டியின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். திட்டி முடித்த பிறகுதான் அந்த முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த நைனா, எங்கள் அப்பா, பீடியை அணைத்தார். “கயிறு கீது, கை கீது. முன்னாடி மாத்திக் கட்டுங்க,” என்றார்.

கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிற ஊருக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? கண்மூடித் திறப்பதற்குள் கயிறு நெடுக ஆள் நின்றுவிட்டது. மாமா எழுந்து வந்து பம்பரை ஒட்டி நின்றார். கார் தெரியாத்தனமாக உருண்டால் முதலில் மிதிபடுகிற இடம் அது. அங்கே வேறு யாரையும் அவர் நிற்க விடவில்லை. நின்றபடியே மடியிலிருந்த சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஏறுமே. பிரேக்கு தெரிஞ்சவ உள்ள இருக்கணும்.”

இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, நியூட்ரலில் விட்டு, ஏசியையும் போட்டேன். கார் நகர்ந்தது. வெளியே ஊர் வேர்த்து வடிய, உள்ளே தம்பி குளுகுளுவென்று வந்தான்.

“அக்கா, பொகைய வுட இது சோக்கா கீதுக்கா.”

“பேசாம வா. மால நலுங்குது.”

ரேஷன் கடைப் பக்கம் ரோடு கொஞ்சம் இறங்கும். கார் தானாக உருள ஆரம்பித்தது. மாமாவின் குதிகால் பானெட்டுக்கு அடியில் மறைந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே, “போடுமே!” என்றார். போட்டேன். வேட்டிக்கு ஒரு சாண் பின்னால் கார் நின்றது. அப்போதும் அவர் திரும்பவில்லை. மறுபடி கயிற்றை இழுத்தார். நான் ஓட்டுவதை நம்பி இத்தனை நிம்மதியாக யாரும் என் காருக்குள்கூட உட்கார்ந்ததில்லை.

பந்தல் வாசலில் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். “இன்னாங்க, வண்டி ரிப்பேரா? டிரைவர் இன்னா ஆனான்?”

மாமா மூச்சு வாங்க நிமிர்ந்தார். பட்டு வேட்டியெல்லாம் மண். “டிரைவரா? தோ, உள்ள கீறா பாருங்க, என் அக்கா பொண்ணு. மாப்பிள்ளைய அவதான் ஓட்டினு வந்தா. நாங்க சும்மா கயிறு புடிச்சோம்.”

மேளச் சத்தத்தில் பெண் வீட்டாருக்கு அது சரியாகக் கேட்டிருக்காதோ என்று ஹாரனை நீளமாக ஒரு தரம் அழுத்தினேன். மாமா துள்ளிக் குதித்தார்.