அப்பாவுக்குக் கொஞ்சம் காற்று

அந்த மிஷின் வந்திறங்கிய அன்று அதை ஃபிரிட்ஜ் என்று நினைத்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். நீலப் பெயின்ட் அடித்து, கீழே சக்கரம் வைத்து, கிட்டத்தட்ட என் உயரத்துக்கு இருந்த இரும்புப் பெட்டி வேறு என்னவாக இருக்க முடியும்? ஐஸ் தண்ணீர் குடிக்கவென்றே என் தோழி ஒருத்தி நாச்சாரத்தில் எங்கள் வீடு வரைக்கும் நடந்து வந்தாள். அம்மா அவளுக்குப் பானைத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

அது வெல்டிங் மிஷின். இப்போது மிக் வெல்டிங் என்கிறார்கள். அந்த எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் அதற்கு சி.ஓ.டூ என்றுதான் பேர். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஒரு பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. அங்கே கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது இதை எடுத்து, வைக்க இடமில்லாமல் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் சுவரை ஒட்டி மாவு மில் இருந்தது. ஊர் வழக்கத்தில் அதைக் கிர்னி என்பார்கள். மிஷினுக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்டைக் கிர்னிக்காரர் தருவதாகச் சொல்லியிருந்தார், அவர் அரைப்பதை நிறுத்திய பிறகுதான் என்ற நிபந்தனையோடு.

அப்பா ஏற்கெனவே வெல்டர். ராடு பிடித்துப் பற்றவைக்கிற பழைய முறை வெல்டர். தெருவில் பாதி கேட்டுகள் அவர் கைவேலை. 'என் ஒட்டு விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும்' என்பது அவருடைய வழக்கமான பெருமை. ஆனால் அவர் வேலை பார்த்த பட்டறை பெரிய தொழிற்சாலைகளின் ஆர்டரை நம்பி இருந்தது. ஆர்டர் வற்றிப்போய், வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டுக்கு ஆள் எடுக்க பம்பாயிலிருந்து ஒருவர் வருகிறார், சி.ஓ.டூ தெரிந்தவர்களைத்தான் டெஸ்டுக்கே கூப்பிடுவார் என்று மாமா செய்தி கொண்டுவந்தார்.

"கத்துக்க மாப்ளே. ராடு புடிச்ச கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் மாமா. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எத்தினி வருஷம் அங்க இருக்கணும்ணா?" என்று மட்டும் கேட்டாள். மாமா சொன்ன பதிலுக்கு அவள் தலையை நிமிர்த்தவில்லை.

ராடு பிடித்த கைதான் முதல் எதிரி என்பது சீக்கிரமே தெரிந்தது. ராடு எரிய எரியக் குட்டையாகும். அதனால் கையும் கூடவே கீழே இறங்க வேண்டும். இந்த மிஷினிலோ கம்பி தானாக ஓடி வரும், கை ஒரே உயரத்தில் நின்றால் போதும். அப்பாவின் கைக்கு நிற்கத் தெரியவில்லை. அது பழக்கத்தில் இறங்கிக்கொண்டே போய், துப்பாக்கி மாதிரி இருந்த கைப்பிடியின் மூக்கை உருகிய இரும்பில் முட்டிவிடும். கம்பி படபடவென்று வெடித்துச் சுருண்டுகொள்ளும். அப்பா வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டு கம்பியை வெட்டி எடுப்பார். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாதென்று என்னைக் கிர்னிச் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள். அப்பா பாடம் படிப்பதை நான் சத்தமாகவும் சுவரில் துள்ளுகிற நிழலாகவும்தான் பார்த்தேன். அவரும் என்னைப் போல ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கியதில் எனக்கு ரகசியமாக சந்தோஷம்.

அது கோடைகாலம். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, முகத்தை மூடிய ஷீல்டு, இவற்றுக்குள் அப்பா வெந்துகொண்டிருந்தார். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "இப்டி வேர்த்துக்கினு இன்னாத்த கத்துக்கப் போறீங்க?" என்று, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை ஜன்னல் வழியாக ஒயர் விட்டு எடுத்துவந்து, அவருக்கு நேராக ஒரு முக்காலியில் வைத்தாள். ராடு வேலையில் எத்தனை ஃபேன் ஓடினாலும் ஒன்றும் ஆகாது, பட்டறையிலேயே பெரிது பெரிதாகச் சுழலும். ஆகவே அப்பா மகிழ்ந்துபோனார். பரீட்சைக்குப் படிக்கும்போது எனக்கு ஒருநாளும் இந்த மரியாதை நடந்ததில்லை.

ஒருவழியாக அப்பாவின் கை நிற்கக் கற்றுக்கொண்டது. ஆனால் ஒட்டு சரியாக வரவில்லை. தேய்த்துப் பார்த்தால் ஆப்பம் மாதிரி முழுக்கப் பொத்தல். கரண்டைக் கூட்டினார், குறைத்தார், இரும்பைத் துரு போகத் தேய்த்தார், பொத்தல் போகவில்லை. கடைசியில் பழி சோடாக்கடை பாய் மேல் விழுந்தது. இந்த வெல்டிங்குக்கு ஒரு கேஸ் வேண்டும். சோடாவில் அடைக்கிற அதே கேஸ்தான். பாய்தான் சிலிண்டர் கொடுத்திருந்தார். அவர் கேஸில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அப்பா யாரிடமோ சொல்லிவிட்டார்.

பாய் மறுநாளே நியாயம் கேட்டு வந்துவிட்டார். அப்பா பட்டறையில் இருந்தார். பாய் பின்பக்கம் வந்து சிலிண்டரைத் தட்டினார், குழாயை முகர்ந்தார், பிறகு முக்காலியைப் பார்த்தார்.

"யே ஃபேன் கைக்கு, எதுக்கு அம்மா? ஹவா நக்கோ, காத்து வாணாம். காத்து அடிச்சா கேஸ் பூரா பறந்துபூடும், அப்புறம் ஓட்ட விழாம இன்னா பண்ணும்? நம்ம சொந்தக்காரன் பட்டறைல மூணு பக்கம் கோணி கட்டித்தான் பத்தவெக்கிறான். சார் கிட்ட சொல்லு, நம்ம கேஸ் அச்சா கேஸ்."

"சொல்றேன் பாய்," என்றாள் அம்மா.

அம்மா சொல்லவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் எந்தத் தேதியில் எந்தப் பென்சிலைத் தொலைத்தேன் என்று சொல்லக்கூடியவள் அம்மா. அன்று சாயங்காலம் கிர்னி நின்று அப்பா ஷீல்டை எடுத்தபோது, ஃபேனை இன்னும் ஒரு முழம் முன்னால் நகர்த்திவைத்தாள். அதற்கு நெருக்கமாகத் தானும் உட்கார்ந்து, அப்பா பற்றவைக்கும் வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பாய்க்காரர் வரும் நாள் நெருங்கியதும் மாமா பார்க்க வந்தார். அப்பா கெட்டுப்போன துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருந்தார். மாமா ஒன்றை இழுத்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆவாது மச்சான். பம்பாய்க்காரன் கிட்ட என் பேரச் சொல்லாதே," என்றார் அப்பா. "என் கை போயிடிச்சி. பட்டறைலயே இப்பல்லாம் நான் ஒட்டுனத இன்னொருத்தன் கிட்டக் காட்டிக் கேட்டுட்டுத்தான் வெளிய விடறேன்."

மாமா துண்டைப் பழையபடி தொட்டிக்குப் பின்னால் போட்டார். டீ கொண்டுவந்த அம்மா டம்ளரைக் கொடுக்காமலே நின்றாள். அவ்வளவு பெருமைக்காரர் அப்படிப் பேசியதைக் கேட்டு, அவருக்கு உண்மையாகவே கையில் ஏதோ நோய் என்று பயந்துவிட்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கிர்னிக்கு விடுமுறை. அப்பா மிஷின் பக்கமே போகவில்லை. அம்மா கிர்னிக்காரரிடம் காலிக் கோணிகள் வாங்கிவந்து, துணி காயப்போடும் கம்பிகளில் மூன்று பக்கமும் கட்டினாள். எனக்கு விளையாட வீடு கட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு முக்காலியை ஃபேனோடு தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். "இன்னும் ஒரு வாட்டி பத்தவெச்சுப் பாருங்க."

"ஃபேனு?"

"இன்னிக்கி வாணாம். வேர்த்தா வேர்க்கட்டும்."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கம்பி படபடவென்று வெடிக்கவில்லை. எண்ணெயில் வெங்காயம் வதங்குவது போல ஒரே சீராகச் சத்தம் வந்தது. பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டதும் திரும்பினேன். துண்டில் ஒரு பொத்தல்கூட இல்லை. அப்பா சட்டை நனைந்து ஒட்டிப்போக அதைப் பார்த்தார். பிறகு கோணிகளைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"யார் சொன்னது?"

"சோடாக்கடை பாய்."

"எப்ப?"

"கேஸு மேல நீங்க பழி போட்டீங்களே, அப்பவே."

அப்பா கத்தப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் கத்தவில்லை. கையுறைகளை மெதுவாகக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். "அப்ப நான் போயிட்டு வரட்டா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"போயிட்டு வாங்க," என்றாள் அம்மா. அவள் முகம் முழுக்க வேர்வை.

ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து, அப்பா பட்டறைக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடி அவருடைய டிபன் பாக்ஸை எடுத்துவந்து நீட்டினேன். இரண்டு பேரில் ஒருவரும் அதைக் கையில் வாங்கவில்லை.